தண்ணீர் பிடித்துவிட்டு வந்து தூங்கிய தூக்கம்

என் கையெழுத்தைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். இஸ்திரிப் பெட்டி பிடித்தே பழகிய கை இது. பேனாவைக் கொடுத்தால் அதையும் அழுத்தித் தேய்க்கிறது. இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து நம் மர்பி டவுன் பழைய தெருக்காரர்கள் குழுவில் போடப் போகிறேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் எப்படியாவது படித்துவிடலாம். எழுத்துப் பிழைகளுக்குத்தான் வழியில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன் என்று உங்களுக்குத் தெரியும். என் மகளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும் நன்றாக வரும், தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. அவளிடம் திருத்தச் சொல்ல முடியாது. நீங்கள் எல்லாரும் குழுவில் பேசியே அனுப்புகிறீர்கள். எனக்குப் போனில் அந்த மைக் படத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சின்ன வயதிலும் அப்படித்தான் இருந்தேன். பேசாத பையனை நீங்கள் ஞாபகம் வைத்திருக்காவிட்டாலும் தப்பில்லை.

போன வாரம் மகள் போனில் எதையோ படித்துவிட்டு வந்து சொன்னாள். கனவு கண்டுகொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்து, அதற்குள் நம் இஷ்டத்துக்கு நடமாடுவது என்று ஒன்று இருக்கிறதாம். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயரும் இருக்கிறது. அப்படிக் கனவு வர வேண்டும் என்று சிலர் விடிவதற்கு முன்னால் அலாரம் வைத்து எழுந்து, கொஞ்ச நேரம் விழித்திருந்துவிட்டு, மறுபடி படுக்கிறார்களாம். அந்த இரண்டாவது தூக்கத்தில்தான் அது வருமாம். "இதுக்குன்னு மெஷின்லாம் விக்கறாங்கப்பா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். நமக்கு அலாரம், மெஷின் எல்லாம் அந்தக் கார்ப்பரேஷன் குழாய்தானே.

அந்தக் கோடையை நீங்கள் மறந்திருக்க முடியாது. அல்சூர் ஏரி சுருங்கிப்போய், காற்று அந்தப் பக்கம் திரும்பினால் சேற்று வாடைதான் வரும். நம் தெருமுனைக் குழாயின் பித்தளைத் தலையை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். மரக்கட்டையில் துணி சுற்றி அடைத்து வைத்திருந்தோம். தண்ணீர் பகலில் வராது. விடிவதற்கு வெகுமுன்னால், இருட்டில், கொஞ்ச நேரம் வரும். முந்தின நாளே வரிசை போட்டுவிடுவார்கள். குடம், ஓட்டை வாளி, பெயின்ட் டப்பா எல்லாம் நிற்கும். ஒரு வீட்டில் வெறும் செங்கல்லை வைத்துவிட்டு, அதுவும் குடம்தான் என்று சண்டைக்கு வருவார்கள்.

மூலை வீட்டுக் கன்னடக்கார அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவார். குழாயில் முதலில் காற்று சீறும். அந்தச் சீறலிலேயே அவருக்கு விழிப்பு வந்துவிடும். "நீரு பந்த்து! நீரு பந்த்து!" என்று, தண்ணீர் வந்துவிட்டதாக, ஒரு சத்தம். அவ்வளவுதான், தெரு முழுக்கத் தாழ்ப்பாள்கள் திறக்கும்.

எங்கள் வீட்டில் அப்பா, சித்தி, நான். அப்பாவுக்கு ஃபேக்டரியில் முதல் ஷிப்ட். இருட்டோடு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். அவருக்குச் சமைக்கச் சித்தி பம்ப் ஸ்டவ்வை மூட்டிக்கொண்டிருப்பாள். அதனால் குழாயடிக்கு நான் போவேன். எங்கள் குடங்களை நிரப்பி ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து, வாசலில் வைத்துவிட்டு, மறுபடி பாயில் விழுவேன். பள்ளிக்கூடம் போகும் வரை தூங்கலாம்.

சித்தி என்றால் அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்டவள். வேற்று ஆள் இல்லை. அம்மாவின் சின்னம்மா மகள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள். அம்மா செத்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயதுகூட ஆகவில்லை.

நம் மாதா கோயில்காரர்கள் வழக்கம் ஒன்று உண்டே. சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் வீட்டு வாசலில் வைத்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தி, குடும்பம் மொத்தமும் சுற்றி நின்று போட்டோ எடுப்பது. அம்மாவுக்கும் எடுத்தார்கள். அம்மாவின் முகம் இருந்த ஒரே போட்டோ அதுதான். கல்யாணத்துக்கு எடுத்த ரோல் வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டதாம். அதனால் எங்கள் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில், அம்மா பெட்டிக்குள் படுத்திருந்தாள். தலையில் பூ, மூக்கில் பஞ்சு, கண் மூடி. அப்பாவின் இடுப்பில் நான், எங்கோ வேடிக்கை பார்த்துக்கொண்டு. அதைப் பார்த்துப் பார்த்து, அம்மா என்றாலே எனக்குக் கண் மூடிய முகம்தான். கண் திறந்த அம்மா எப்படி இருப்பாள் என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

அந்த இரண்டாவது தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். குழாயடியிலிருந்து வந்து படுக்கும்போது உடம்பு அப்படியே விழத் தயாராக இருக்கும். மண்டைக்குள் ஒரு ஓரம் மட்டும் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். கை கால் எல்லாம் ஈரம். கம்பளிக்குள் அந்த ஈரம் மெல்லச் சூடாகும். ஸ்டவ் இரைச்சல் காதில் இருக்கும், ஆனால் தூரத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

முதல் தடவை கனவிலும் குழாயடியில்தான் நின்றேன். எதிரில் ரேஷன் கடை போர்டு. படித்தேன். திரும்பிக் குடத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தேன், எழுத்து வேறாக இருந்தது. இன்னொரு தடவை பார்த்தேன், அதுவும் மாறிவிட்டது. விழித்திருக்கும்போதும் எனக்குப் படிப்பு தடுமாற்றம்தான். ஆனால் எழுத்துகள் அங்கேயே நிற்கும், நான்தான் தடுமாறுவேன். அன்று நான் நின்றேன், எழுத்துகள் தடுமாறின. 'அட, நான் பாய்லதான படுத்திருக்கேன்' என்று நினைத்தேன்.

நினைத்த அந்த நொடியில் யாரோ அழுக்குக் கண்ணாடியைத் துடைத்தது போல் ஆகிவிட்டது. கனவு என்றால் மங்கலாக, பாதியாக இருக்கும் என்பார்கள். இது அப்படி இல்லை. நிஜத்தில் நான் தினமும் பார்த்தும் பார்க்காததெல்லாம் தெரிந்தது. குழாய் மேடையின் பாசியில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக. பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தில் ஒட்டுப்போட்ட இடத்தில் கருகிய வாசனை. தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன், இரும்புச் சுவை நாக்கின் ஓரத்தில் ஏறியது. எழுந்த பிறகும் அந்தச் சுவை இருந்தது.

அப்புறம் அது பழகிவிட்டது. பையன் புத்தி, முதலில் பேக்கரிக்குத்தான் போனேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒரு முழு தில்பசந்து பன்னை எடுத்துக் கடித்தேன். தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் பல்லில் பட்டன. மென்றுகொண்டே இருக்க அது பாய்க் கோரையாக மாறிவிட்டது. இதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் மட்டும் குழாயடியில் சொன்னேன். அவன் முறைத்தான்.

"எனக்கு ஒண்ணு எடுத்துனு வந்தா என்ன?"

"கனவுலருந்து எப்படிடா எடுத்துனு வர்றது?"

"நீ மட்டும் துன்ன முடியுது, எடுத்துனு வர முடியலியா? சும்னே டூப் வுடாத."

அவன் கோபம் நியாயமாகத்தான் பட்டது.

அந்தத் தூக்கத்துக்கு என்ன வேண்டும், என்ன கூடாது என்று நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன். குப்புறப் படுத்தால் வராது, மல்லாந்து படுக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி களி அதிகமாகச் சாப்பிட்டிருந்தால் வராது, வெறும் தூக்கம்தான். குழாயடியில் சண்டை நடந்த அன்று கனவிலும் சண்டையே நடக்கும், அது கனவென்று எனக்குப் புத்தியில் ஏறாது. கனவுக்குள் போன பிறகு சந்தோஷத்தில் ஓடினால் எல்லாம் கலைந்துவிடும். கலைகிற மாதிரி இருந்தால் பக்கத்தில் இருக்கும் சுவரைக் கையால் தடவ வேண்டும், அல்லது இரண்டு உள்ளங்கைகளையும் தேய்க்க வேண்டும். அப்போது மறுபடி நிற்கும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மகள் போனில் படித்துக் காட்டியபோது, கையைத் தேய்ப்பதும் அதில் இருந்தது.

ஒருநாள் கனவில் எங்கள் வீட்டுக்குள் போனேன். ஸ்டவ் முன்னால் ஒருத்தி குந்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. சித்தி இல்லை. சித்தி ஒல்லி. இவள் அகலமான முதுகு, ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடினேன். கலைந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் ஓட்டு இடுக்கில் வெளிச்சம், சுவரில் அதே போட்டோ.

அன்றிலிருந்து பேக்கரியும் வேண்டாம், தில்பசந்தும் வேண்டாம். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அவள் திரும்ப வேண்டும், கண் திறந்திருக்கிற முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒவ்வொரு விடியலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போனேன். ஒருநாள் கதவு வரை. ஒருநாள் அரிசி டின் வரை. "அம்மா, திரும்பு" என்று கூப்பிட்டால் என் குரலிலேயே நான் விழித்துக்கொள்வேன்.

அந்தக் குரல்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. பக்கத்து வீட்டு அத்தைக்குச் சுவருக்கு அப்பால் கேட்டிருக்கிறது. அவருக்கு அம்மா ரொம்ப வேண்டியவள். அதனால் சித்தியைக் கண்டால் ஆகாது. பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரும் சொல்லி அனுப்பியிருந்தார், பையன் வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று. உண்மைதான். பாதித் தூக்கத்தில் எழுந்து குடம் சுமக்கிற பையன் பகலில் தூங்கத்தானே செய்வான்.

அத்தை எங்கள் வாசலில் நின்று அப்பாவிடமே கேட்டுவிட்டார்.

"ஏம்பா, புள்ள தெனம் ஆத்தாக்காரியக் கூப்புடுது, உனுக்குக் காது கேக்கலியா? அவ வந்து கூப்பிட்டுனுகீறா. இருட்டுல தனியா கொழாயாண்ட அனுப்புனா வேற என்ன ஆவும்?"

அப்பா என்னைப் பார்த்தார். "என்னடா கனவு?"

சித்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நீ இருக்கிறாய், ஆனாலும் எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பையன் எப்படிச் சொல்வான்?

"எனக்குலாம் கனவே வர்றதில்ல" என்றார் அப்பா அத்தையிடம். "கனவு வர்ற அளவுக்கு எங்க தூங்க வுடறான் ஃபேக்டரிக்காரன்." சிரிக்க வைக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே போய் அந்தப் போட்டோவை ஆணியிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். போட்டோதான் என்னைப் பயமுறுத்துகிறது என்று நினைத்திருப்பார். அடுத்த மழையில் ஓடு ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, அதில் முகங்கள் எல்லாம் கரைந்துபோனது வேறு விஷயம்.

சாயங்காலம் சித்தி என் முகத்தைக் கழுவிவிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மசூதி வாசலுக்கு அழைத்துப் போனாள். நாம் எல்லாருமே போயிருக்கிறோமே. தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் வரிசையாக நிற்கிற பிள்ளைகள் தலையில் ஊதிவிட்டுப் போவார்கள். அத்தர் வாசனையும் வெற்றிலை வாசனையுமாக ஒவ்வொரு மூச்சும் உச்சந்தலையில் விழும். ஒரு பெரியவர் நின்று, சொம்புத் தண்ணீரிலும் ஓதி ஊதி, என் மணிக்கட்டில் கறுப்பு நூல் கட்டினார். "தூக்கம் நல்லா வர்ரும் பேட்டா, பயம் நக்கோ" என்றார். அவர் கை அவ்வளவு மெத்தென்று இருந்தது. எனக்குப் பயமே இல்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியாரும் தலையில் கை வைத்து ஜெபித்தார். டிஸ்பென்சரி டாக்டர் என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சித்தியிடம் ஒரே வார்த்தை சொன்னார். "பையன முழுசா தூங்க விடும்மா. நடுவுல எழுப்பாத."

அதற்குப் பிறகு சித்தி என்னை எழுப்பவில்லை. கன்னடக்கார அம்மா கூவுவதற்கு முன்னாலேயே எழுந்து, அடுப்பு வேலையையும் பார்த்து, தண்ணீரையும் அவளே பிடித்து வந்தாள். நான் எழுந்திருக்கும்போது குடங்கள் எல்லாம் நிறைந்து வாசலில் ஈரம் காய்ந்திருக்கும். நான் இரவு முழுக்கக் கிணற்றில் போட்ட கல் மாதிரி தூங்கினேன். கனவு இல்லை. வந்தாலும் மங்கலாக ஏதோ வந்து போகும், கனவென்று தெரியாது. ஸ்டவ் முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எல்லாருக்கும் சந்தோஷம். நூல் வேலை செய்துவிட்டது என்றார் அத்தை. ஜெபம் என்றார் அப்பா. வகுப்பில் நான் தூங்கவில்லை என்று டீச்சர் தட்டிக்கொடுத்தார். யாருடைய தப்பும் இல்லை, அவ்வளவு பேரும் எனக்கு நல்லதுதான் செய்தார்கள். எனக்குத்தான் அம்மா இரண்டாவது தடவை செத்துப்போன மாதிரி இருந்தது.

நானே எழுந்துகொள்ளப் பார்த்தேன். கன்னடக்கார அம்மாவின் கூவல்கூட என் காதில் விழவில்லை, அப்படித் தூக்கம். நூலைக் கழற்றி வைத்துப் பார்த்தேன், பிரயோசனமில்லை. பிறகு ஒரு யோசனை வந்தது. படுக்கும் முன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தால், ஒன்றுக்கு வந்து விழிப்பு வரும் அல்லவா? குடித்தேன். வயிறு டமாரம் மாதிரி ஆகும் வரை குடித்தேன். விழிப்பு மட்டும் வரவில்லை. மற்றது வந்தது.

பெரிய பையன். பாய் நனைந்து, கம்பளி நனைந்து... அப்பா ஷிப்டிலிருந்து வருவதற்குள் சித்தி எல்லாவற்றையும் அலசி, பாயை ஓட்டுக் கூரை மேல் காயப்போட்டாள். மறுநாளும் அதே கதை. அப்புறமும். தண்ணீர் பஞ்சத்தில் என் பாயை அலசவே தனியாக ஒரு குடம் போயிற்று.

அந்த ஞாயிறு மத்தியானம் அப்பா வெளியே போயிருந்தார். சித்தி முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு கல் பொறுக்கினாள். என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"சொம்பு சொம்பா தண்ணி குடிக்கறியே, எதுக்குடா?"

நான் காலால் தரையைத் தேய்த்தேன்.

"எம்மேல எதாச்சும் கோவமா?"

"இல்ல."

"பின்ன? வாயத் தொறந்து சொன்னாதானடா தெரியும். நான் என்ன கனவா கண்டேன்?"

அந்த வார்த்தையில் எனக்கு அழுகை உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியிலிருந்து வந்து படுத்தால்தான் அது வரும், ராத்திரி முழுக்கத் தூங்கினால் வராது, அம்மா ஸ்டவ் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், திரும்பமாட்டேன் என்கிறாள். என் வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"திரும்புனா என்ன பண்ணுவ?"

"கண்ணு தொறந்துனுகீற மொகத்தப் பாக்கணும். போட்டோல மூடியே இருக்குது."

சித்தியின் விரல்கள் அரிசியில் நின்றுவிட்டன. அவளுக்கு வலித்துவிட்டது என்று நினைத்தேன்.

"எனக்கும் அதாண்டா" என்றாள் கடைசியில். "அக்கா கூடவே வளந்தவ நான். ஒரே தட்டுல சாப்பிட்டவ. இப்ப நெனச்சா அந்தப் பொட்டி மொகம்தான் வருது. முழிச்சினு இருந்த மொகம் எங்க போச்சுன்னே தெரியல."

மறுநாள் இருட்டில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். "எழுந்திரு. தண்ணி வந்துடுச்சி."

சித்தி பெரிய குடத்தை எடுத்துக்கொண்டாள், எனக்குச் சின்ன வாளி. குழாயடியில் எல்லார் கண்ணும் எங்கள் மேல். பக்கத்து வீட்டு அத்தை சும்மா இருப்பாரா?

"கட்டுன நூலு இன்னும் நெறம் போவல, அதுக்குள்ள புள்ளய இழுத்துனு வந்துட்டியா? டாக்டர் என்ன சொன்னாரு? பெத்தவளா இருந்தா செய்வாளா இத?"

காரணத்தைச் சொல்லியிருந்தால் எல்லார் வாயும் அடைந்திருக்கும். அல்லது என்னைக் கேலி செய்திருப்பார்கள். சித்தி குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"ஆமாக்கா, நான் பெத்தவ இல்ல. கொடத்தக் கொஞ்சம் நகத்துங்க."

வீட்டுக்கு வந்ததும் என்னைப் படுக்க வைத்துக் கம்பளியை இழுத்துவிட்டாள். அப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்டவ் பற்றவைக்கவில்லை.

"டப்பா எங்க?"

"இன்னிக்கு கேன்டீன்ல சாப்டுக்கோங்க."

"ஏன், சீமெண்ண இல்லியா?"

"மெல்லப் பேசுங்க. இல்ல."

அப்பா சீமெண்ணெய் டின்னைப் பார்த்திருப்பார், அது நிறைந்துதான் இருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். தெருமுனை வரை ஏறாமல் உருட்டிக்கொண்டே போன சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று கனவு தானாகத் திறந்துகொண்டது. வாசலில் நின்றேன். இது கனவு, அவசரப்படாதே என்று சொல்லிக்கொண்டேன். சுவரைத் தடவினேன், சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. அவள் முதுகில் ரவிக்கைத் தையல் ஒரு இடத்தில் பிரிந்து வேறு நிற நூலால் தைத்திருந்தது. சோற்றுக் கஞ்சி பொங்குகிற வாசனை. ஸ்டவ் புகை கண்ணைக் கரித்தது. நான் கூப்பிடவில்லை, கிட்டேயும் போகவில்லை. அரிசி டின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், பசியோடு வந்த பையன் உட்காருகிற மாதிரி.

அவள் தானாகத் திரும்பினாள்.

கண் திறந்திருந்தது. புகையில் சிவந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். ஆச்சரியம் இல்லை, அழுகை இல்லை. தினம் வீட்டுக்குள் வந்து போகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. எத்தனை நாளும் பார்க்கலாம் என்று இருக்கிறவள் பார்க்கிற பார்வை.

"அந்தக் கதவத் தொறந்து வையேண்டா, பொக போவட்டும்" என்றாள்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். வெளிச்சம் உள்ளே வந்தது. விழித்துவிட்டேன்.

சித்தி என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடங்கள் அப்படியே இருந்தன. வாசல் தெளிக்கவில்லை, ஒரு பாத்திரம்கூட நகரவில்லை. நான் தூங்கின நேரம் முழுக்க அவள் மூச்சுச் சத்தம்கூடக் காட்டாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"பாத்தியா?"

தலையாட்டினேன்.

"கண்ணு?"

"தொறந்துதான் இருந்துச்சி. பொகைல செவந்து இருந்துச்சி. கதவத் தொறந்து வைன்னாங்க."

"அவதான்" என்றாள் சித்தி. "பொக ஆவாது அவளுக்கு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. பிறகு, சின்னப் பெண் மாதிரி, ரொம்ப மெல்லக் கேட்டாள்.

"என்னப் பத்தி எதாச்சும் கேட்டாளா?"

கேட்கவில்லை. எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"நாளைக்கு நான் கேக்கறேன் சித்தி."

"சரி" என்றாள். எழுந்து வாசல் தெளிக்கப் போனாள்.

மறுநாளும் என்னை எழுப்பினாள், அதற்கடுத்த நாளும். குழாயடியில் யார் என்ன பேசினாலும் காதில் வாங்கவில்லை. நான் கண் விழிக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். "பரவால்ல, எழுந்து பல்லு வெளக்கு" என்பாள். எவ்வளவு ஆசைப்பட்டேனோ அவ்வளவு அது விலகிப்போனது. வீடு வரும், ஸ்டவ் வரும், ஆள் இருக்காது. பிறகு மழை வந்தது. குழாயில் சாயங்காலமே தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். யாரும் இருட்டில் எழ வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஐந்தாவது முடிந்ததும் நான் இஸ்திரிக் கடைக்குப் போனேன். நாளெல்லாம் நின்று வேலை செய்தால் படுத்ததுதான் தெரியும். நடுவில் சில வருஷம் குடித்தேன். அந்த வருஷங்களில் ஒரு கனவுகூட ஞாபகமில்லை. சித்தி பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சித்தி இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அப்பா போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. சித்திக்கு வயதாகிவிட்டது, விடிவதற்கு முன்னால் பாத்ரூம் போக எழுந்துவிடுகிறாள். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிவிட்டு மறுபடி படுக்கிறாள். அந்த இரண்டாவது தூக்கத்தில் பேசுகிறாள். கொஞ்ச நாளாகத்தான் இப்படி. என் மனைவிக்குப் பயம். "டாக்டர்கிட்ட சொல்லி ஒரு மாத்திரை வாங்கிடலாங்க, பாவம், முழுசா தூங்கட்டும்" என்கிறாள். மகள் போனில் தேடியதும் அதற்காகத்தான். இருவரும் நல்லதற்குத்தான் சொல்கிறார்கள்.

நான் ஒருநாள் கதவோரம் நின்று கேட்டேன். "அக்கா" என்கிறாள். பிறகு "ம்" என்கிறாள். கொஞ்சம் விட்டு, மறுபடி "ம்". அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பேச, இவள் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

மாத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று மனைவி கேட்டாள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். குழுவில் போடுவதற்கு முன்னால் இதை அவளுக்குத்தான் படித்துக் காட்டப் போகிறேன்.

இன்று காலையும் சித்தி பேசிக்கொண்டிருந்தாள். மேல்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, டேங்கில் தண்ணீர் இல்லை, மோட்டார் போடுங்கள் என்று சத்தம் போட்டார். மோட்டார் சித்தியின் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. நான் வெளியே போய், விரலை உதட்டில் வைத்துக் காட்டி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

எழுதி முடித்தது: 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகும் முன்.